சீல் உடையாத கலங்கரை விளக்கம்

கோயில் ஏலத்துக்குத் தப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது வேறு யாருமில்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் போடப்போகிற கூச்சலில் இந்த விஷயம் மறந்துபோய்விடும். எனக்கே மூன்று நாள் மறந்திருந்தது.

என் பெயர் டிக்சன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தா. அது சோற்றுக்கு. அதற்கு மேல் எனக்கு ஒரு வியாபாரம் உண்டு. வியாபாரம் என்று நான் சொல்வேன். என் மனைவி ஜெயஷீலா அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அது சபையில் சொல்லக்கூடியதல்ல. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி வீடு, கப்பல், கோட்டை என்று கட்டுகிற விளையாட்டு செட் இருக்கிறதல்லவா, வெளிநாட்டுக் கம்பெனியுடையது, விலையைக் கேட்டால் பிள்ளைக்கு முன்னால் தகப்பன் அழுவான், அதை வாங்கி வைத்திருந்து விற்பது.

கம்பெனி ஒரு செட்டை இரண்டு மூன்று வருடம் போடும். பிறகு நிறுத்திவிடும். நிறுத்தியதை நாங்கள் ரிட்டயர் ஆனது என்போம். மனிதன் ரிட்டயர் ஆனால் பாதிச் சம்பளம். பெட்டி ரிட்டயர் ஆனால் இரண்டு பங்கு, மூன்று பங்கு விலை. ஒரே நிபந்தனை, சீல் உடையக்கூடாது. உடைத்து ஒரு கட்டையை வெளியே எடுத்துவிட்டால் அது பொம்மை. உடைக்காத வரைக்கும் சொத்து.

அப்படி என்னிடம் நாற்பத்தொரு சொத்து. வீட்டில் ஏ.சி. உள்ள ஒரே அறை அவற்றுக்குத்தான். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பே உரிந்து விழும், அட்டை எம்மாத்திரம்? ஆகவே பெட்டிகள் இருபத்துநான்கு டிகிரியில் குளிரக் குளிர இருந்தன. நான், ஜெயஷீலா, மகள் ஷெர்லின் மூன்று பேரும் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே வெந்தோம்.

காலை ஐந்து மணிக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். விலை பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு இணையதளம், மூன்று சேகரிப்பாளர் குழு. நாற்பத்தொரு செட்டின் அன்றைய விலையையும் எக்செல்லில் ஏற்றுவேன். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. என்னிடம் இருக்கிற மாதிரி ஒரு செட் எங்காவது புதிதாக விற்பனைக்கு வந்தால் போனில் கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம் கேட்கும், நானே வைத்தது. என் சம்பளம் நாலு வருடமாக ஏறவில்லை. ஆபீசில் நாற்காலி ஏறவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என் வாழ்க்கையில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தவை அந்தப் பச்சை எண்கள் மட்டுமே.

அதில் ராஜா, கலங்கரை விளக்கம் செட். இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டைகள், உச்சியில் சுழலும் விளக்கு. இருபத்துநாலாயிரத்துக்கு வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விலை எழுபத்தோராயிரம்.

ஷெர்லினுக்கு மதுரையில் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஐம்பத்தையாயிரம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். என் சேமிப்பு மொத்தமும் ஏ.சி. அறையில் அட்டைக்குள் இருந்தது. கலங்கரை விளக்கத்தை விற்றுக் கட்டுகிறேன் என்று மகளின் தலையில் கை வைத்துச் சொன்னேன். எழுபத்தைந்து வரட்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமை வரை பார்ப்போம். வாக்குக் கொடுத்ததில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் என் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "வியாழக்கிழமை, சரியாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி ஏலம். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆளுக்கொரு பொருள் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்போம். வாழைத்தார், கருப்பட்டி, சேவல், குத்துவிளக்கு, எதுவானாலும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். கேட்டவர் பணத்தையும் கட்டிவிட்டு, பொருளையும் "இன்னொருதரம் விடுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். ஒரே பூசணிக்காய் நாலு பேருக்கு விற்கும். என் தொழிலுக்குக்கூட அந்த லாபம் கிடையாது.

இந்த வருடம் நான் காணிக்கையாக முடிவு செய்தது ஒரு மிக்ஸி. புதுமனை புகுவிழாவுக்கு வந்தது, ஒன்பது வருடமாகப் பிரிக்காமல் கிடந்தது. ஆண்டவருக்குப் பிரிக்காத பொருள், எனக்கு அலமாரியில் இடம். இரண்டு தரப்புக்கும் நன்மை.

இதில் கோளாறு என்னவென்றால், என் சொத்துகளை வெளியட்டைப் பெட்டிக்குள் போட்டு ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் "மிக்ஸி" என்று எழுதி வைத்திருந்ததும் நான்தான். சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு வருவார்கள். பொம்மை என்று தெரிந்தால் "ஒண்ணைப் பிரிச்சுக் குடுங்களேன்" என்பார்கள். மிக்ஸியைப் பிரிக்கச் சொல்லி எந்தப் பிள்ளையும் அழாது. அந்த யோசனை வந்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது ஒரே அறையில் நாற்பத்தொரு பொய் மிக்ஸியும் ஒரு நிஜ மிக்ஸியும், எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்பு அட்டையில்.

ஞாயிறு காலை பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கும்போது ஜெயஷீலா கேட்டாள்.

"மிக்ஸிதானா அது? நல்லாப் பாத்தீங்களா?"

"எம்பெட்டி எனக்குத் தெரியாதா?"

"அது கனக்கலையே, தோள்ல சும்மா நிக்குதே."

"கோயிலுக்குப் போற நேரத்துல தொணதொணங்காத ஏளா."

ஏலம் நடந்தபோது நான் பந்தலில் இல்லை. அசனம் என்கிற சபை விருந்துக்குக் கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தேன். பந்தல் பக்கமிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. பூசணிக்காய் ஐயாயிரத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து நானும் சிரித்தேன். முன்னூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்ததில் நானும் சேர்ந்துகொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் விலை எழுபத்திரண்டைத் தொட்டது. புதுப் படம் எடுத்துப் போடலாம் என்று பெட்டியை இறக்கினேன். கனத்தது. பிரித்தேன். உள்ளே மிக்ஸி. ஒன்பது வருடப் பழசு, மூன்று ஜார், வெள்ளை நிறம், என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஜெயஷீலா கரண்டியோடு ஓடிவந்தாள். ஷெர்லின் பின்னால் வந்து கதவோரம் நின்றாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! நேத்து ஏலத்துல போனது மிக்ஸி இல்ல, லைட்ஹவுஸு! ஏளா, நீ பந்தல்லதானே இருந்த? யாரு கேட்டா? எவ்வளவுக்குப் போச்சு?"

"என்னத்தக் கண்டேன். பொம்பளைங்க பக்கம் ஒண்ணும் தெரியாது. பெரிய தூணு மறைக்கும்."

"ஷெர்லின், நீ?"

"நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேம்பா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அதைக் கவனித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது, கத்திக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ஒரு பொருளுக்குப் பாதுகாப்பு உண்டா, நான் ஒருத்தன் எத்தனையைக் கவனிப்பேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று. கேட்டாளே என்பது எனக்கு நினைவில்லை. அவளும் நினைவூட்டவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். ஏலக் கணக்கு அற்புதமணி டீச்சரிடம் இருக்கும். நாலாம் வகுப்பில் என்னைப் படிப்பித்தவர், எழுபது வயதிலும் சபையின் பொருளாளர். அவரிடம் போவதில் எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான். அந்த மிக்ஸி, புதுமனை புகுவிழாவுக்கு அவர் கொடுத்தது.

"வா டிக்சா. என்ன, மூஞ்சி பனங்கா மாதிரி இருக்கு?"

"டீச்சர், ஞாயித்துக்கிழமை ஏலத்துல ஒரு பெட்டி போச்சுல்லா. அது யாரு கேட்டான்னு நோட்டுல பாத்துச் சொல்லணும்."

"எந்தப் பெட்டி?"

"மேல மிக்ஸின்னு எழுதியிருக்கும்."

"மிக்ஸியா? யாரு கொண்டாந்த மிக்ஸி?"

"நான்தான் டீச்சர்."

"நீ எதுக்கு மிக்ஸி கொண்டாந்த? உனக்கு ஒரு மிக்ஸிதானே உண்டு? நான் குடுத்தது?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வாய்ப்பாடு தெரியாமல் நின்ற அதே இடத்தில் நாற்பத்தைந்து வயதில் மறுபடி நின்றேன்.

"இல்ல டீச்சர். உங்க மிக்ஸி நல்லா ஓடுது. நேத்துகூட சட்னி அரைச்சோம். இது வேற."

"ஓடட்டும், ஓடட்டும். அப்ப கோயிலுக்குக் குடுத்தது குடுத்ததுதானே? எதுக்குக் கேக்குத?"

"கேட்டவங்களுக்கு நன்றி சொல்லலாம்னுதான்."

"நான் சொல்லிருதேன்," என்று நோட்டை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "காப்பி குடிக்கியா?"

வாசலுக்கு வந்த பிறகு எனக்கு எரிந்தது. டீச்சரிடம் பொய் சொன்னதற்காக இல்லை. அந்தப் பொய்யை அவர் ரசித்துக் கேட்டமாதிரி இருந்தது, அதற்காக.

அடுத்தது முத்துக்கனி அண்ணாச்சி. மாப்பிள்ளையூரணியில் மளிகைக்கடை. அவர் எங்கள் சபை இல்லை, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் வரி கட்டுகிறவர். ஆனால் வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி எங்கள் ஆட்கள் என்பதால் வருடா வருடம் வந்து, விலையை ஏற்றிவிட்டு, ஒரு வாழைத்தாரோடு போவார்.

"வாங்க தம்பி. கேள்விப்பட்டேன்," என்றார் நான் வாயைத் திறக்குமுன்.

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. பொதுவாச் சொன்னேன்."

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிய நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். வெளியட்டைய மேடையில கிழிச்சாங்க. மிக்ஸின்னு எழுதியிருக்கு, உள்ள பாத்தா விளையாட்டுச் சாமான். சனம் உருண்டு உருண்டு சிரிச்சுது. நான் ஆயிரத்தி எண்ணூறு வரைக்கும் ஏத்துனேன். பேரப்பிள்ளைக்கு ஆகுமேன்னு."

எழுபத்திரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி. ஆயிரத்தி எண்ணூறு. எனக்கு அரிசி மூட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டாயிரம்னு ஒரு ஆளு கேட்டுது. விட்டுட்டேன்."

"யாரு அந்த ஆளு?"

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"தம்பி, உங்க வீட்டு மளிகை யாரு வந்து வாங்குதா? நீங்களா?"

"இல்ல, ஜெயஷீலா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. மாசம் நாலாயிரம் ரூவா யாவாரம். எனக்கு வாய் இருக்கு, கடையும் இருக்கு. ரெண்டுல ஒண்ணைத்தான் தெறக்க முடியும். ஏலே, தம்பிக்கு ஒரு கலர் குடு!"

கலரைக் குடிக்காமல் வந்தேன். அந்தக் கோபத்தில் வழியில் தென்பட்ட மூன்று சபைக்காரர்களைப் பிடித்துக் கேட்டேன். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஒருவருக்கு அன்று வயிற்றுப்போக்கு. மூன்றாமவர் என் தோளில் கை வைத்து, "எல்லாம் நன்மைக்கே பிரதர்" என்றார். கையைத் தட்டிவிட்டேன். முன்னூறு பேருக்குத் தெரிந்த ஒரு பெயர் எனக்கு மட்டும் தெரியவில்லை. கப்பலில் வந்த கண்டெய்னர் எந்த நாட்டில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் நின்றது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிறவன் நான். ஒரு அட்டைப்பெட்டி கோயிலிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனது என்று தெரியாமல் வெயிலில் அலைந்தேன்.

அன்று சாயங்காலம் ஷெர்லின் கேட்டாள், "வெள்ளிக்கிழமைக்கு என்னப்பா செய்ய?" என்று. வேறொரு செட்டை விற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எக்செல்லைத் திறந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். விண்வெளிக் கப்பல் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. ரயில் நிலையம் கிறிஸ்துமசுக்கு எகிறும். கோட்டையை இந்த விலைக்குக் கொடுத்தால் நான் முட்டாள். நாற்பதையும் பார்த்துவிட்டு, "கண்டுபிடிச்சிருவேன் மக்களே" என்றேன். அவள் "சரிப்பா" என்றாள். அந்தச் சரிப்பாவில் ஒரு கோபமும் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணி. ஆபீசில் ஒரு முந்திரிக்கொட்டை கண்டெய்னருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். கப்பல் சங்கு ஊதியது. துறைமுக ஆபீஸ் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போனை எடுத்தேன்.

சேகரிப்பாளர் குழு ஒன்றில் புதிதாக ஒரு பதிவு. "கலங்கரை விளக்கம் செட். ரிட்டயர் ஆனது. சீல் உடையாதது. வலது பக்கக் கீழ் மூலையில் சிறிய நசுங்கல், படத்தில் பார்க்கவும். விலை 58,000. பணம் முதலில், பார்சல் அன்றே."

படத்தைப் பெரிதாக்கினேன். அந்த நசுங்கலை என் முகத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பீரோவிலிருந்து நானே தவறவிட்டு உண்டானது. நான் படம் எடுத்தால் அந்த மூலை படத்திலேயே வராது. இவன் அதற்கென்று தனியாக ஒரு படம் போட்டிருந்தான், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அளவு தெரியட்டும் என்று.

திருடியது மட்டுமில்லை, யோக்கியமாக வேறு விற்கிறான்! அதுவும் ஐம்பத்தெட்டுக்கு! பதினாலாயிரம் குறைத்து! ஒருவன் இப்படிக் குறைத்து விற்றால் நாளைக்கு ஊர் முழுக்க விலை விழும். எனக்குத் திருட்டைவிட அந்த விலைதான் முதலில் எரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

போட்டியாளர்களை வேவு பார்க்க என்னிடம் ஒரு கள்ளப் பெயர் உண்டு, "கடல்குதிரை". அதிலிருந்து, "உடனே வாங்கிக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று அனுப்பினேன். என் பெட்டியை நானே ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வாங்குவது என்று முடிவு. கிரெடிட் கார்டில் அவ்வளவு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. எழுபத்தைந்து வந்தால் அதிலும் பதினேழு லாபம் என்று மண்டைக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "விற்றாச்சு அண்ணா."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு வருடம் நான் அடைகாத்த பெட்டி, பத்து நிமிடத்தில்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை பெட்டியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட டைல்ஸ், நடுவில் ஒன்று மட்டும் பச்சை. அந்த டைல்ஸ் வந்த கண்டெய்னரில் பாதி உடைந்திருந்தது. மிச்சத்தைச் சல்லிசாக வாங்கி, எண்ணிக்கை பத்தாமல் ஒரு பச்சையைச் சேர்த்து, லாரி பிடித்து அனுப்பிக் கொடுத்ததே நான்தான். யாருக்கு? என் மனைவியின் தம்பி பெனிஸ்டனுக்கு.

பெனிஸ்டனுக்கு உப்புக் கம்பெனி லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"வாங்க அத்தான். சாயா சொல்லட்டா?"

"பெட்டிய எங்கலே?"

"எந்தப் பெட்டி அத்தான்?"

போனை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "இந்தப் பச்சை டைல்ஸு ஊர்ல வேற எவன் வீட்டுல இருக்கு? சொல்லு!"

"அழகா இருக்குல்லா? எல்லாரும் கேக்காங்க."

"பெனிஸ்டன், நான் உன்னக் கொல்லப் போறேன். சொந்த அக்கா மாப்பிள்ளை பொருளை ஏலத்துல எடுத்து, ஊருக்கே தெரிஞ்சு, எனக்கு மட்டும் மறைச்சு, சந்தையில குறைச்சு வித்திருக்க. அந்தப் பிள்ளை ஃபீஸுக்கு வச்சிருந்தது தெரியுமா உனக்கு? வெள்ளிக்கிழமை கடைசி நாளு! உன் சொந்த மருமவ! வயித்துல அடிச்சிட்டியேலே!"

வெளியே லாரி டிரைவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அவனுக்குப் பெண் பார்த்ததிலிருந்து டைல்ஸ் வரை நான் செய்ததையெல்லாம் சத்தமாக வரிசைப்படுத்தினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கடைசியில், "கத்தாதீங்க அத்தான், பிரஷர் ஏறும்" என்றான்.

"பணம் எங்க?"

"எங்கிட்ட இல்ல. சத்தியமா ஒரு பைசா எங்கிட்ட இல்ல. கைக்காசு போட்டு ஏலம் கேட்டேன், அந்த ரெண்டாயிரத்தக்கூட அக்கா அப்பவே குடுத்துட்டா."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். முப்பத்தெட்டு வயது ஆள்.

"எந்த அக்கா?"

"எனக்கு இருக்கது ஒரு அக்காதானே அத்தான்," என்றான் பரிதாபமாக. "மத்ததெல்லாம் வீட்டுல போய்க் கேளுங்க."

வீட்டுக்கு வந்தபோது ஜெயஷீலா பின்கட்டில் அரிவாள்மணையில் உட்கார்ந்து ஊளி மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஷெர்லின் பக்கத்தில் நின்றாள். கையில் போன். எனக்குக் காட்டுவதற்கென்றே திறந்து வைத்திருந்தாள் போல. கல்லூரியின் ரசீது. ஐம்பத்தையாயிரம். இன்றைய தேதி, மதியம் பன்னிரண்டு இருபது.

நான் அதைப் படித்தேன். மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும். வந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அதற்கு மேல் மூன்று நாள் வெயில் ஏறி நின்றது.

"அப்ப எல்லாரும் கூட்டு. நீ, உன் தம்பி, டீச்சரு, மளிகைக்கடை. ஊரே கூடி என்ன முட்டாளாக்கியிருக்கீங்க. தூணு மறைச்சுதோ உனக்கு?"

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடா இப்ப? ஐம்பத்தெட்டுக்கு விக்கணும்னு யாரு சொன்னா? விலை எழுபத்திரண்டு! பதினாலாயிரத்தக் கடல்ல போட்டிருக்க."

"உங்க எக்செல்ல பாத்துதான் போட்டேன். அம்பத்தெட்டுன்னா அன்னைக்கே போகும்னு இருந்துது."

"அந்த மூலைய எதுக்குப் படம் எடுத்துப் போட்ட?"

"வாங்குதவன் நாளைக்கு நம்மளக் கேக்கமாட்டானா?" மீனின் வாலை வெட்டினாள். "கடல்குதிரைன்னு ஒரு ஆளுகூட வேணும் வேணும்னு கேட்டுது. எந்தக் கார்டு வச்சு வாங்கப் போச்சோ, பாவம்."

ஷெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஏளா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஞாயித்துக்கிழமையே, 'பெட்டி தம்பிகிட்ட பத்திரமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா?"

"வீட்டுக்குக் கொண்டாந்திருப்பேன்."

"கொண்டாந்து?"

"வித்திருப்பேன்! விக்கத்தானே போறேன்னு பிள்ளை தலையில கைவச்சுச் சொன்னேன்!"

அவள் செதிலைத் தட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். அது எனக்குப் பெனிஸ்டனின் சாயாவைவிட, அண்ணாச்சியின் கலரைவிட மோசமாக இருந்தது. அரிவாள்மணைக்கு எதிரே, செதிலுக்கு நடுவில், ஆபீஸ் பேண்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

"இங்க பாரு. மூணு நாளா நாயா அலையுதேன். டீச்சரு நோட்டப் பூட்டுதா. அண்ணாச்சி தராசத் துடைக்காரு. ஒருத்தன் காது கேக்கலங்கான், உன் தம்பி டைல்ஸு அழகா இருக்குல்லாங்கான். இந்த ஊர்ல ஒருத்தர் வாயில இருந்தும் நேரா ஒரு பதில் வரல. நீயாவது சொல்லு. சுத்தி வளைக்காத, சாப்பிட்டீங்களான்னு கேக்காத. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் அத வித்திருப்பேனா, மாட்டேனா?"

ஷெர்லின் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். ஜெயஷீலா மீனைச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள், இரண்டு தடவை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது வருடத்தில் என்றும் பார்க்காத மாதிரி என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"மாட்டீங்க," என்றாள். "எழுபத்தஞ்சு வந்திருந்தா எண்பது வரட்டும்னு சொல்லியிருப்பீங்க. அவ சீட்டு போயிருக்கும். நீங்க வித்திருக்கவே மாட்டீங்க."